அவசர மருத்துவச் சான்றிதழுக்கு வகுப்பறையில் உட்கார்ந்தே ஆக வேண்டுமா?

குலசேகரம்_பால்வெட்டு

வணக்கம். விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். விடியும் முன் தோட்டத்தில் நிற்க வேண்டும். பால் எடுத்து, உறைய ஊற்றி, ஷீட் அடித்துக் காயப் போடுவதற்குள் மதியம் தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் எனக்கு நேரம்.

ஆம்புலன்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மார்த்தாண்டத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். வகுப்புக்கு வரவே வேண்டாமாம். கைபேசியில் வீடியோ பார்த்து, கைபேசியிலேயே தேர்வு எழுதினால் 'அவசர மருத்துவத் தொழில்நுட்பர்' என்று சான்றிதழ் வீட்டுக்கே வந்துவிடுமாம். 108-இலும் எடுப்பார்கள், வளைகுடாவிலும் எடுப்பார்கள் என்கிறார்கள். கட்டணம் என் இரண்டு மாத வருமானத்துக்கு மேல். அப்பா வேண்டாம் என்கிறார். நண்பன் ஒருவன், "இப்போது எல்லாமே ஆன்லைன்தானே, எதற்கு யோசிக்கிறாய்" என்கிறான்.

வகுப்பறையில் உட்கார்ந்து படிக்காமல் இந்தச் சான்றிதழ் வாங்கலாமா? வாங்கினால் செல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரல்காற்று

தம்பி, பணத்தைக் கட்டிவிடவில்லையே? கட்டவில்லை என்றால் மேலே படி.

நான் 108-இல் மருத்துவ உதவியாளர். தமிழ்நாட்டில் 108-க்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை ஒரு முறையாவது முழுதாகப் படித்திருந்தால் அந்த நிலையத்தின் வாசலையே நீ மிதித்திருக்க மாட்டாய். மருத்துவ உதவியாளருக்குக் கேட்பது செவிலியர் படிப்பு, அல்லது ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் மாதிரி உயிர் அறிவியல் பட்டம். உன்னிடம் விலங்கியல் இருக்கிறது. தகுதி ஏற்கெனவே உன் கையில்! எழுத்துத் தேர்வு, பிறகு உடற்கூறியலும் முதலுதவியும் கேட்கும் மருத்துவ நேர்முகம், பிறகு மனிதவளத் துறை நேர்முகம். வயது பொதுவாக 19 முதல் 30 வரை.

தேர்வானபின் அவர்களே 50 நாள் பயிற்சி கொடுப்பார்கள். வகுப்பறை, மருத்துவமனை, ஓடும் ஆம்புலன்ஸ், மூன்றும் அதில் உண்டு. நாங்கள் பைலட் என்று அழைக்கும் ஓட்டுநருக்கே 10 நாள் பயிற்சி இருக்கிறது. கைபேசிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாலும் அந்த 50 நாளில் ஒரு நாள் குறையாது. வேலைக்குச் சேர பணம் கேட்பவன் எவனாக இருந்தாலும் அவனிடமிருந்து விலகி நில்.

கடல்வழி

ஆரல் அண்ணன் சொல்வது 108-க்குச் சரி. ஆனால் தம்பி கேட்டது வேறு: வகுப்பறை வேண்டுமா என்று. வேண்டாம் என்பது என் கட்சி.

நான் தூத்தூர்ப் பக்கம். எங்கள் படகுகள் கரையை விட்டுப் போனால் திரும்ப வாரக்கணக்கு, சில நேரம் மாதம் ஆகும். தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்தவனையும், வலை இழுக்கும் வின்ச் பொறியின் கயிற்றில் விரல் நசுங்கியவனையும் நடுக்கடலில் பார்த்தது யார்? எட்டாம் வகுப்பு தாண்டாத ஒரு பெரியவர். முள்ளின் கொக்கியை முன்பக்கம் தள்ளி வெளியே எடுத்து, நுனியை வெட்டி, பிறகு தண்டைப் பின்னால் உருவுவார். கை நடுங்காது. அவருக்கு ஒரு தாளும் கிடையாது. அதே ஊரில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒருவர் இரத்தம் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார்.

திறமை உள்ளவனைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் என்ன குடிமுழுகிவிடும்? மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே முன்கற்றலை அங்கீகரிப்பது என்று ஒரு வழி இருக்கிறது. கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அப்படித்தானே கொடுக்கிறார்கள்?

மயிலாடி_அக்கா

கடல்வழித் தம்பி, அந்தப் பெரியவருக்கு என் கும்பிடு. ஆனால் அவர் எப்படிக் கற்றார் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு பெரியவர் பக்கத்தில் நின்று "அப்படி இழுக்காதே, சதை கிழியும்" என்று கையைத் தட்டிவிட்டுத்தான் கற்றுக்கொடுத்திருப்பார். கூரை இல்லாததால் அதை வகுப்பு இல்லை என்பீர்களா? வீடியோ எவர் கையையும் தட்டிவிடாது.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். புதிதாக வருகிறவர்களுக்கு சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது, சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எல்லாரும் வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செண்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பயிற்சிப் பொம்மையின் முன் மண்டியிட வைத்தால் கதை வேறு. முழங்கை மடங்கிவிடும். தோள் நெஞ்சுக்கு நேர்மேலே வராமல் இடுப்பிலிருந்து ஆடுவார்கள். ஆழம் பாதிதான் இறங்கும். அதைத் திருத்தினால் அடுத்த கோளாறு: அழுத்திவிட்டுக் கையை முழுதாகத் தளர்த்த மாட்டார்கள், உடல் பாரம் நெஞ்சின் மேலேயே தங்கிவிடும். நெஞ்சு முழுதாக மேலே எழுந்தால்தான் இதயத்தில் மறுபடி இரத்தம் நிறையும். நிறையாத இதயத்தை எத்தனை முறை அழுத்தினாலும் மூளைக்கு என்ன போகும்? செய்கிறவருக்குத் தான் தளர்த்தவில்லை என்பதே தெரியாது. பக்கத்தில் நிற்கிற நான்தான் அவர் உள்ளங்கைக்கும் பொம்மைக்கும் இடையில் என் விரலை நுழைத்துக் காட்டுவேன். இரண்டு நிமிடம் ஆகும்போது தாடையிலிருந்து வியர்வை சொட்டும், வேகம் கூடும், ஆழம் குறையும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்கிறோம். ஏன் மாற வேண்டும் என்பதை ஒரு முறை களைத்துப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஆம்பூ பேக், அதாவது கையால் பிழிந்து மூச்சுக் கொடுக்கும் மூச்சுப்பை, இன்னும் மோசம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை அழுத்த, மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பை மேலே தூக்க, மறுகை பையைப் பிழிய வேண்டும். படத்தில் பார்க்க எளிதாக இருக்கும். கன்னத்தோரம் காற்று கசிவது காதில் கேட்கும், நெஞ்சு எழாது. அந்தக் கசிவை ஒரு தடவையாவது காதால் கேட்டுத் திருத்தியிருக்க வேண்டும்.

பின்படிக்கட்டு

கண்டக்டர் உரிமத்துக்கு என்னிடமும் முதலுதவிச் சான்றிதழ் கேட்டார்கள். வாங்கினேன். அதில் கற்றது அடிபட்ட கையைத் தாங்க முக்கோணத் துணியில் தூளி கட்டுவது. இத்தனை வருடத்தில் ஒரு பயணிக்கும் தூளி தேவைப்படவில்லை. வலிப்பு வந்தவர்கள்தான் அதிகம், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு ஓடி வருவார். நல்ல மனிதர்கள்தான்! நான் செய்வது இவ்வளவுதான்: சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் என் துண்டை வைப்பேன். இறங்கும்போது சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. பஸ்ஸில் வந்த ஒரு டாக்டரம்மா சொன்னது.

சுசீந்திரம்_சார்

விவாதம் சுவையாக இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

2021-இல் நாடாளுமன்றம் இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர மருத்துவத் தொழில்நுட்பர், அதாவது பாராமெடிக், அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. இணை மருத்துவத் தொழிலர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய பட்டயமோ பட்டமோ 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல், 2 முதல் 4 ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும் என்பது அதில் உள்ள வரையறை. கைபேசியில் சில வாரம் படித்துப் பெறும் தாளை இந்த அளவுகோலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முறையான வழி வேண்டுமானால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது. குலசேகரம் தம்பி மறுபடியும் முதலிலிருந்து பட்டம் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதுதான் அந்தத் தொழிலின் நேர்வழி என்று தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. விபத்தில் அடிபட்டவருக்கு உதவ எந்தச் சான்றிதழும் தேவையில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தில் உதவுகிறவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. இன்னும் நம் ஊரில் களியக்காவிளை சாலையில் ஒருவர் விழுந்தால் "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பத்துப் பேர் தள்ளி நிற்கிறார்கள். சான்றிதழைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

ஒழுகினசேரி

எல்லாரும் வகுப்பறைக்குக் கோயில் கட்டுகிறீர்கள். நான் வகுப்பறையில் படித்தவன். ஒரு தனியார் நிறுவனத்தில் அவசரச் சிகிச்சைப் பட்டயம். ஊரையும் பெயரையும் விடுங்கள். அறை நிறைய மாணவர்கள், ஒரே ஒரு பொம்மை. அதுவும் கண்ணாடி அலமாரிக்குள், ஆய்வுக்கு ஆட்கள் வரும்போது மட்டும் வெளியே வரும். முதுகெலும்பு அடிபட்டவரைத் தூக்கும் பலகையான ஸ்பைன் போர்டைப் பார்த்தது படத்தில். ஆசிரியர் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். வருகைப் பதிவு மட்டும் நூற்றுக்கு நூறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டத் தெரியாமல் நின்றேன், ஓட்டுநர் மாட்டிக்கொடுத்தார்.

சுசீந்திரம் சார் சொல்லும் 2,000 மணி நேரம் தாளில் இருந்தால் போதுமா? என் தாளிலும்தான் இருந்தது.

ஆரல்காற்று

ஒழுகினசேரி நண்பர் சொல்வது கசப்பாக இருந்தாலும் உண்மை. பொம்மை அலமாரியில் பூட்டியிருந்தால் அது வகுப்பறை அல்ல, காத்திருக்கும் அறை. ஆனால் அதற்குப் பரிகாரம் கைபேசி ஆகாது. மார்த்தாண்டத்து நிலையம் அந்த அலமாரிப் பொம்மையைக்கூட வாங்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

நம் மாவட்டத்தில் எனக்கு அடிக்கடி வரும் அழைப்பு ஒன்றைச் சொல்கிறேன். தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவர். நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் அவரைத் தூக்கி உட்கார வைத்திருப்பார்கள், ஒருவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார். பைக்கில் நடுவில் உட்கார வைத்து அனுப்பிய கதையும் உண்டு. முதுகெலும்பு ஒடிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் செயலிழந்துவிடலாம். ஆளை அசைக்காமல் பலகைக்கு மாற்ற ஒருவர் தலையை இரண்டு பக்கமும் பிடித்து அதை விடாமல் எண்ண வேண்டும். அவர் எண்ணுக்குத் தோளிலும் இடுப்பிலும் காலிலும் கை வைத்தவர்கள் ஒரே மூச்சில் ஒருக்களிக்க வேண்டும். ஒருவர் முந்தினால் உடம்பு முறுக்கும். தென்னந்தோப்பில் வாய்க்கால் சரிவில், இருட்டில், உறவினர்கள் அழுதுகொண்டு காலைப் பிடித்து இழுக்கும்போது இதைச் செய்ய வேண்டும். நான்கு பேர் சேர்ந்து, விழுந்தவராக ஐந்தாவது ஆள் படுத்து, பலமுறை பழகாமல் இது வராது. தனியாக அறையில் உட்கார்ந்து எந்த வீடியோவைப் பார்த்துப் பழகுவாய்?

நியூஜெர்சி_நாஞ்சில்

இங்கே அமெரிக்காவில் எப்படி என்று கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியப் பதிவகத்தின் இ.எம்.டி. (அவசர மருத்துவத் தொழில்நுட்பர்) சான்றிதழுக்கு மாநிலம் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். நேராகத் தேர்வு மட்டும் எழுதி வாங்க முடியாது. ஆனால் பாடப் பகுதியை ஆன்லைனில் படிக்கப் பல இடங்களில் அனுமதி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். செய்முறைக்கு மட்டும் நேரில் போயாக வேண்டும். அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் அதே பாணிதான்: பாடத்தை ஆன்லைனில் முடிக்கலாம், பொம்மையில் செய்து காட்டினால்தான் அட்டை. அதுவும் 2 ஆண்டுக்கு மட்டும்.

கடல்வழி நண்பருக்கு ஒரு தீனி தருகிறேன். 2024-இல் தேசியப் பதிவகம், இங்கே இ.எம்.டி.க்கு மேல்நிலையான பாராமெடிக்குகளுக்கான தனிச் செய்முறைத் தேர்வையே எடுத்துவிட்டது.

கடல்வழி

பாருங்கள்! அமெரிக்காக்காரனே எடுத்துவிட்டான்.

நியூஜெர்சி_நாஞ்சில்

அவசரப்படாதீர்கள். செய்முறையைப் படிக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இருக்கிறது. கடைசி நாளில் ஒரு தேர்வாளர் முன் நின்று நடிப்பதைத்தான் எடுத்தார்கள்.

தோஹா_தக்கலை

வளைகுடாவுக்குச் செல்லும் என்று சொன்னார்களாமே, அதற்கு மட்டும் பதில். இங்கே உரிமம் வாங்க டேட்டாஃபுளோ சரிபார்ப்பு உண்டு. நீ கொடுத்த சான்றிதழை அவர்கள் நேராகப் படித்த இடத்துக்கே அனுப்பி, இந்த ஆள் உண்மையில் படித்தாரா, அந்த இடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அங்கிருந்து 'இல்லை' என்று பதில் வந்தால் விண்ணப்பம் விழுவதோடு நிற்காது, எதிர்மறை அறிக்கை உன் பெயரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நல்ல சான்றிதழோடு வந்தாலும் அதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டணம் போனால் போகட்டும், இது போகாது.

கப்பல் வேலைக்குப் போகிற நம் பையன்களைப் பாருங்கள். அடிப்படை முதலுதவிப் பயிற்சியைக் கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த நிலையத்தில் நேரில் போய் முடித்தால்தான் ஏறவே முடியும்.

குலசேகரம்_பால்வெட்டு

எல்லாருக்கும் நன்றி. ஆரல் அண்ணன் சொன்ன பிறகு மார்த்தாண்டத்துக்குப் போன் செய்தேன். "செய்முறையை யார் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்?" என்று கேட்டேன். "வீட்டில் தலையணையை வைத்துச் செய்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், சார் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். அந்த சார் மருத்துவரா என்று கேட்டதற்கு, அவர் மேலாளர் என்றார்கள். எந்த ஆணையத்தின் அங்கீகாரம் என்றதும் "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்று வைத்துவிட்டார்கள். நேரில் வரவே வேண்டாம் என்றவர்கள்தான்.

பணம் கட்டவில்லை. 108 அறிவிப்பு வரும்வரை உடற்கூறியலும் முதலுதவியும் படிக்கலாம் என்று இருக்கிறேன். எதைக் கைபேசியில் படிக்கலாம், எதற்குப் பால்வெட்டை விட்டுவிட்டு நேரில் வர வேண்டும் என்று அக்கா சொன்னால் உதவியாக இருக்கும்.

மயிலாடி_அக்கா

படிப்பதில் பாதி உன் தோட்டத்திலேயே இருக்கிறது. பாம்புக்கடியை எடுத்துக்கொள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துச் சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நமக்குக் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் ஆனது. மலையோர ரப்பர்த் தோட்டங்களில் இருக்கும், மூக்கு மேல்தூக்கிய குழிவிரியனுக்கு அது கேட்காது. இதையெல்லாம் கைபேசியில் தாராளமாகப் படி, ஒரு வகுப்பறையும் வேண்டாம். பக்கவாதத்தின் அறிகுறிகள், நெஞ்சுவலியின் அறிகுறிகள், எலும்புகளின் பெயர்கள், மருந்துகளின் பெயர்கள், எல்லாம் அப்படியே.

சிபிஆர், மூச்சுப்பை, இரத்தப் பெருக்கை அழுத்தி நிறுத்துவது, ஆரல்காற்று சொன்ன பலகை மாற்றல், பிரசவம், இவற்றுக்கு ஆள் வேண்டும். பிரசவத்தை மறந்துவிடாதே. மலையிலிருந்து இறங்கும் ஆம்புலன்ஸில் பிள்ளை காத்திருக்காது.

பொதுமக்களுக்கு மூச்சுக் கொடுக்காமல் நெஞ்சை மட்டும் அழுத்தும் உயிர்காப்பு முறையை இந்தியப் புத்துயிர்ப்புக் கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. மயக்கவியல் மருத்துவர்கள் முகாம்களில் கற்றுத் தருகிறார்கள். நீளமான படிப்பு அல்ல. அப்படி ஒன்று நடந்தால் போய் உட்கார். சான்றிதழுக்காகப் போகாதே, பொம்மையைத் தொடப் போ.

ஒழுகினசேரி

இதை ஒப்புக்கொள்கிறேன். என் காலத்தில் இப்படிச் சொல்ல ஒரு அக்கா கிடைக்கவில்லை.

கடல்வழி

நான் முழுதாகத் தோற்றுவிடவில்லை. தூத்தூரிலிருந்து படகில் போகிற ஒருவன் 2,000 மணி நேரம் எங்கே போய் உட்காருவான்? அவனுக்கு ஆம்புலன்ஸ் வேலை வேண்டாம், படகில் பக்கத்தில் இருப்பவன் சாகாமல் இருந்தால் போதும். ஒக்கிப் புயலில் எத்தனை படகுகள் கரையோடு பேச்சே இல்லாமல் கிடந்தன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. படகுக்கு ஒருவராவது தெரிந்தவர் வேண்டும்.

அக்கா, ஜூன் முதல் ஜூலை முடிய மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், ஆட்களும் கரையில். ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுப்பீர்களா? ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. வகுப்பறைதான் கிடையாது, வலை பின்னும் கொட்டகை இருக்கிறது. கடற்கரையிலேயே வைத்துக்கொண்டாலும் சரி.

மயிலாடி_அக்கா

வருகிறேன் தம்பி. எங்கள் மயக்கவியல் மருத்துவர் ஒருவரையும் கேட்டுப் பார்க்கிறேன். பொம்மைக்கு நான் பொறுப்பு. கடற்கரை வேண்டாம், கொட்டகையே போதும், தரை மட்டும் கெட்டியாக இருக்கட்டும். மணலில் வைத்து அழுத்தினால் பொம்மை உள்ளே இறங்கும், ஆழம் தெரியாது. அந்த முள் எடுக்கும் பெரியவரையும் வரச் சொல்லுங்கள்.

குலசேகரம்_பால்வெட்டு

ஜூனில் மழை, பால்வெட்டு பாதி நாள் இருக்காது. நானும் வரலாமா? களியக்காவிளை வரை பஸ் இருக்கிறது, அங்கிருந்து வழி சொல்லுங்கள்.

கடல்வழி

வா. பொம்மைக்குப் பதில் படுக்க ஒரு ஆள் வேண்டும் என்று ஆரல் அண்ணன் சொன்னாரே, அது நீதான்.